ஜனங்களின் பங்கு

இரண்டாம் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. இனி ஐயர் அங்கி மாட்டிக்கொண்டு வருவார், பாட்டு, பாவ அறிக்கை, சங்கீதம், அதற்குப் பிறகு என் முறை. அதுவரை இந்தப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்காருவதுதான் இப்போதெல்லாம் முடிவதில்லை. தலைக்கு மேல் விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடறுகிறது, பேரிங் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்துவிட்டேன், இனி ஆராதனை முடிகிறவரை அந்த இடறலையே கேட்டுக்கொண்டிருப்பேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டிப் பிழைத்தவனுக்கு இது ஒரு சாபம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மிக்சியின் சத்தம்தான் காதில் விழும், அப்புறம்தான் ஆட்கள். பெந்தெகொஸ்தே போன வாரம் முடிந்தது, இன்று திரித்துவ ஞாயிறு. பக்கத்து ஊர்க் கோயில்களில் எல்லாம் விட்டுவிட்டார்கள், எங்கள் கோயிலில் மட்டும் இந்த ஒரு நாளில் பெரிய பிரமாணத்தை முழுதாக வாசிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூவரும் எப்படி ஒருவர் என்று வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போகிற நீண்ட விசுவாசப் பிரமாணம் அது. சங்கீதம் மாதிரி மாறி மாறி வரும். ஒரு வரி வாசிக்கிறவனுடையது, அடுத்த வரி ஜனங்களுடையது. எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்துப் பழக்கம், வாசிக்கிறவன் நிறுத்தினால் ஜனங்கள் அடுத்த வரியை எடுப்பார்கள், காதால் கேட்டே மனப்பாடம். என்னுடைய முதல் வரி, இரட்சிக்கப்பட விரும்புகிற எவனும் இந்த விசுவாசத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது. அதற்கு ஜனங்கள் சொல்லும் பதில், இதைக் குறையில்லாமல் காத்துக்கொள்ளாதவன் சந்தேகமில்லாமல் என்றென்றைக்கும் கெட்டுப்போவான் என்பது. முடிக்கும்போதும் அதே மாதிரி ஒரு வரி ஜனங்களுக்கு உண்டு. இத்தனை வருஷம் இதை நான் தொடங்கிவைத்தேன், அவர்கள் சொன்னார்கள். இப்போது என் மனைவி ஞானப்பூ இறந்து முதல் திரித்துவ ஞாயிறு. அவள் இந்த விசுவாசத்தைக் காத்துக்கொள்ளாமல் செத்தவள். அது இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

பெண்கள் பக்கத்தில் தூண் ஓரமாக என் மகள் ஷீபா உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் வந்தாள், அம்மாவின் பச்சைக் கரைச் சேலையைக் கட்டியிருக்கிறாள், அவள் உயரத்துக்கு அது கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். தலைவலின்னு சொல்லிருங்கப்பா, நான் வேணா ஐயருக்கு போன் போடட்டா என்றாள். வேண்டாம்மா என்றேன். அப்ப இத்தன பேரும் சேந்து அம்மாவ நரகத்துக்கு அனுப்புறத நான் ஒக்காந்து கேக்கணும், அப்படித்தான என்றாள். அவங்க யாரும் நெனச்சுச் சொல்லல ஷீபா, வாய்ப் பழக்கம் என்றேன். நீங்க நெனப்பீங்கள்லா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காப்பி ஆறிப்போனது. வரமாட்டாள் என்று நினைத்தேன், சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முடியாது என்று ஐயரிடம் நான் ஏன் சொல்லவில்லை. பிரின்ஸ் ஐயர் சின்ன வயது, எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், வீட்டுக்கே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நீங்களே வாசிங்க ஐயா, சபைக்கு உங்க குரல்தான் பழக்கம் என்றார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், உண்மை எது என்று எனக்கே பிடிபடவில்லை, அதை விளக்கத் தெம்பில்லை, வாசிப்பது சுலபம். தலையை ஆட்டினேன். களைப்பு ஒரு மனிதனை எதற்கெல்லாம் சம்மதிக்க வைக்கிறது.

கோயில்பிள்ளை வந்து தொப்பென்று பக்கத்தில் உட்காருகிறார், பெஞ்சு முனகுகிறது. அரிசி மண்டி வைத்திருந்தவர், இப்போது மகன் பார்க்கிறான், முப்பது வருஷமாக இந்தப் பெஞ்சில் எனக்கு வலது கைப்பக்கம் அவர்தான். என்ன அண்ணாச்சி, இன்னைக்கு உங்க கச்சேரியா என்கிறார். ஆமாவே என்கிறேன். கொஞ்சம் வெரசா முடிங்க, வீட்ல ஆடு எடுத்திருக்கு, பேரன் வேற வந்திருக்கான். சரி. போன வருஷம் உபதேசியார் வாசிச்சாருலா, நீங்க மைனிகூட ஆஸ்பத்திரில இருந்திய, ரெண்டு வரிய ஒண்ணா சேத்து வாசிச்சுட்டாரு பாத்துக்கிடுங்க, அதுல இருந்து அவரு பங்க நாங்க சொன்னோம், எங்க பங்க அவரு சொன்னாரு, கடைசி வரைக்கும் ஒரு பய கவனிக்கல. சிரிக்கிறார், தோள் குலுங்குகிறது. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. போன வருஷம் இந்த நேரம் நான் ஆஸ்பத்திரியில் ஞானப்பூவின் காலை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், வீங்கின கால், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். இன்னைக்கு ஒங்க கோயில்ல பெரிய பிரமாணம்லா, போகலியா என்று கேட்டாள். ஒங்க கோயில் என்றாள். நான் குழி மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயர் வந்துவிட்டார், எல்லோரும் எழுந்து நிற்கிறோம், பாட்டு. என் வாய் பாடுகிறது, எனக்கு அதில் வேலையில்லை. அவள் குரல் இந்தப் பாட்டில் எங்கே இருக்கும் என்று காது தேடுகிறது. ஞானப்பூவுக்குப் பொறுமை கிடையாது. பாட்டானாலும் ஜெபமானாலும் கூட்டத்தைவிட ஒரு அடி முன்னால் போய்க்கொண்டிருப்பாள். கர்த்தருடைய ஜெபத்தில் மற்றவர்கள் அப்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இவள் மன்னிப்புக்கு வந்திருப்பாள். ஐயரம்மா ஒருதரம் நேரிலேயே சொன்னாள், நீங்க ரயிலப் பிடிக்கப் போறிய, நாங்க மாட்டு வண்டில வாறோம். அதற்கும் ஞானப்பூ சிரித்தாள். பெரிய பிரமாணத்தில் நான் என் வரியை வாசித்து நிறுத்தும் முன்பே பெண்கள் பக்கத்தில் இருந்து அவளுடைய குரல் கிளம்பிவிடும், அதற்குப் பின்னால்தான் சபை. பிதா தேவன், குமாரன் தேவன், பரிசுத்த ஆவி தேவன் என்று நான் வாசிப்பேன். ஆனாலும் மூன்று தேவர்கள் இல்லை, ஒரே தேவன் என்று அவள் முந்திக்கொள்வாள். பிதா ஆண்டவர், குமாரன் ஆண்டவர் என்பேன். ஒரே ஆண்டவர் என்பாள். அந்த இடம் முழுக்க அப்படித்தான் வரும். மூன்று என்பது என் பங்கு, ஒன்று என்பது அவள் பங்கு. கல்யாணமாகி இத்தனை வருஷம் கோயில் நடுவில் நின்று இந்த ஒரு பேச்சைத்தான் நாங்கள் பலர் கேட்கப் பேசியிருக்கிறோம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அப்புறம் ஒரு வருஷம், நான் முதல் வரியை வாசித்து நிறுத்தினேன், குரல் முந்தவில்லை. சபை மட்டும் சாவகாசமாகத் தொடங்கி, கெட்டுப்போவான் என்று முடித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வாய் மூடியிருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரிகளில் குரல் வந்துவிட்டது, ஒரே தேவன், ஒரே தேவன் என்று முன்னைவிட அழுத்தமாக. கடைசி வரியில் மறுபடி இல்லை. வீட்டுக்கு வந்து சேலையை மடித்துக்கொண்டே, நம்ம பக்கத்து வீட்டு பாத்திமாக்கா கெட்டுப்போவாளா, ரேஷன் கடைல எனக்கு எடம் போட்டு வைக்கா, அவளப் பாத்து நான் எப்படி அதச் சொல்ல என்றாள். அப்படித்தான் தொடங்கியது. அதற்கு நான் ஏதோ பதில் சொன்னேன். என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது.

எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன் நான், எரிந்த மோட்டாரைக் கழற்றிச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருக்கும் நேரம் போக, பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கின வேத விளக்கங்களைப் படித்துப் படித்து, மூன்று ஆள்தத்துவம், ஒரே சாரம் என்றெல்லாம் பேசக் கற்றிருந்தேன். கற்றதில் பெருமையும் இருந்தது. அவள் படித்துக் கேட்கிறவள் இல்லை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். நான் பிதாவேன்னு கூப்பிடும்போது மத்த ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க. கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றேன். அப்ப மூணு பேரு. இல்லை, ஒருவர்தான். அப்ப யாரு யாரக் கேக்கா. இப்போது சங்கீதம் வாசிக்கிறார்கள், பாதி வரி எனக்கு விழவில்லை, அவளுடைய கத்தி பலகையில் படுகிற சத்தம்தான் விழுகிறது. பழைய ஐயர் ஒருதரம் என் பட்டறைக்கு வந்து மூன்று ஃபேஸ் இணைப்பைப் பார்த்துவிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்று கம்பி, ஒரே மின்சாரம், ஒரே சுழற்சி, ஆஹா என்று அடுத்த ஞாயிறே என் பேரைச் சொல்லிப் பிரசங்கம் பண்ணினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. மத்தியானம் சோறு போடும்போது ஞானப்பூ கேட்டாள், அந்த மூணு கம்பில ஒண்ணு போயிட்டா மோட்டார் என்ன ஆகும். முனகும் என்றேன், ஓடாது, அப்படியே விட்டா எரிஞ்சிரும். அப்ப சிலுவைல ஒருத்தர் செத்தாரே, மூணு நாளும் ஒலகம் முனகிட்டா கெடந்துச்சு. எனக்குச் சோறு புரையேறிவிட்டது, சிரிப்பு, அவளும் சிரித்தாள், தண்ணீரை எடுத்துக்கொடுத்து முதுகில் தட்டினாள். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. விசிறி சுற்றிச் சுற்றி அதே இடத்தில் இடறுகிற மாதிரி என் புத்தியும், சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் முழங்கால்படியிட்ட இயேசுவிடம் வந்து வந்து இடறுகிறது. இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று கேட்டாரே, கேட்டது யார், கேட்கப்பட்டது யார். இருவர் என்றால் ஒருவருடைய மனசு இன்னொருவருக்கு வேறாக இருந்திருக்கிறது. ஒருவர் என்றால் அந்த வேர்வையெல்லாம் யாருக்குக் காட்ட. இதற்கும் புத்தகத்தில் பதில் உண்டு, மனித சித்தம், தெய்வ சித்தம் என்று பக்கம் பக்கமாக உண்டு, எனக்குத் தெரியும், நானே அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் அவள், சரிங்க, மோர் ஊத்தட்டா என்றாள்.

அவள் பிறகு டயர் கடை மாடியில் கூடுகிற ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே மூவர் கிடையாது, இயேசு ஒருவரே பிதாவும் குமாரனும் ஆவியும், மற்றதெல்லாம் மனிதர்கள் கட்டினது என்பார்கள். அந்தப் பாஸ்டர் எபனேசர் பேச்சுக்குப் பேச்சு மேஜையைத் தட்டுகிறவர், எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் போதகமும் எனக்கு ஒட்டவில்லை, இவர்கள் மூன்றை எண்ணினார்கள், அவர்கள் ஒன்றை எண்ணினார்கள், எண்ணினவர் யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் இல்லை. ஆனால் அவளுக்கு அங்கே போய் வந்தால் முகம் தெளிவாக இருக்கும். ஒரே பேரு, கூப்பிட்டா ஒரே ஆளு திரும்பிப் பாக்காரு, எனக்கு அது போதும்ங்க என்பாள். கடலில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டபோது நானும் போனேன். மாற்றுச் சேலையையும் துண்டையும் அவளுடைய கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஈர மணலில் நின்றேன். குழந்தையில் இந்தக் கோயிலில்தான் மூன்று பேரைச் சொல்லி அவள் நெற்றியில் தண்ணீர் தெளித்தார்கள், இப்போது ஒரு பேரைச் சொல்லி முழுதாக முக்கினார்கள். இருமிக்கொண்டே வந்தாள், மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. என்ன, ஒங்க முகம் நீங்க முங்கின மாதிரி இருக்கு என்றாள். நான் துண்டை விரித்துப் பிடித்தேன். அந்த வாரமே கோயில் பட்டியலில் இருந்து அவள் பேரை எடுத்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னால் யாரோ சொன்னார்கள், வீட்டுக்குள்ள திரித்துவத்த நிறுத்த முடியல, இங்க வந்து ராகம் போட்டு வாசிக்காரு. குரல் யாருடையது என்று தெரிந்தும் திரும்பவில்லை. வீட்டில் சொன்னதும் ஞானப்பூ, நீங்க ராகம் போடுறது உண்மதான என்றாள்.

அவள் போன மத்தியானம். அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன், வந்துவிட்டது. ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. பேச்சு நின்று வெகு நேரம் ஆகியிருந்தது, திடீரென்று அப்பா என்றாள். தெளிவாக, வாசலில் யாரோ வந்து நிற்கிற மாதிரி. அப்பா. அவ்வளவுதான். என் மாமனார் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார், உப்பளத்தில் வண்டி ஓட்டியவர், வந்தால் பனங்கிழங்கு வாங்கி வருவார் என்பாள். அவரையா. ஷீபா பிறந்த பிறகு பேச்சுவாக்கில் என்னைக்கூட ஷீபாப்பா என்று கூப்பிட்டு, அது குறுகி அப்பா என்றே ஆகியிருந்தது. என்னையா. அல்லது பிதாவே என்று இந்தக் கோயிலில் கற்ற முதல் வார்த்தையையா, அல்லது அவளுடைய ஒரே பேர்க்காரரையா. நான் என்னம்மா என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்வை எனக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. யாரைக் கூப்பிட்டாளோ அவர் வந்திருந்தால் சரி. மூவரில் யாரை என்று அவர் கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டார். எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு இடம் இல்லை என்று ஆகிவிட்டது, சட்டம் அப்படி, யாரையும் குறை சொல்வதற்கில்லை, நகராட்சி மயானத்தில் சுவர் ஓரமாக அடக்கம் செய்தோம். பிரின்ஸ் ஐயர் அங்கி போடாமல் வந்தார், சாதாரணக் கட்டம்போட்ட சட்டை, உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் கடைசிவரை நின்றார். திரும்பும்போது என் கையைப் பிடித்தார். அங்கி இல்லாமல் அவர் ரொம்பச் சின்னப் பையனாகத் தெரிந்தார். எனக்கு அவர்மேல்தான் இரக்கம் வந்தது. அதற்குப் பிறகு நான் ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் எந்தப் பேரும் வருவதில்லை. பிதாவே என்றால் மற்ற இருவரும் என்ன செய்வார்கள் என்கிற அவள் குரல் வருகிறது. இயேசுவே என்றால் அந்தப் பாஸ்டர் மேஜையைத் தட்டுகிறார். கடைசியில் ஞானப்பூ என்கிறேன். மின்கட்டணம் கட்டினதையும் முழங்கால் வலியையும் சொல்கிறேன். இது பாவமா என்று பார்க்க எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. காலையில் மட்டும் பெரிய பிரமாணத்தை உரக்க வாசித்துப் பார்ப்பேன், தொண்டை பழகட்டும் என்று, ஒரு மாதமாக. தனி வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை, அதனால் இரண்டு பங்கையும் நானே வாசிப்பேன், என் வரியை நிதானமாக, அவள் வரியை அவசரமாக. கெட்டுப்போகிற வரி வந்தால் மட்டும் நிறுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். அவள் சொல்லாததை அவள் குரலில் நான் எப்படிச் சொல்ல.

கோயில்பிள்ளை முழங்கையால் இடிக்கிறார். அண்ணாச்சி, கூப்பிடுதாரு. எழுந்திருக்கிறேன், முழங்கால் ஒரு தரம் மறுத்துவிட்டுப் பிறகு சம்மதிக்கிறது. நடுப்பாதையில் நடக்கிறேன். கழுகு இறக்கையை விரித்த பித்தளை மேடை, அந்தக் கழுகின் முதுகில்தான் புத்தகத்தை வைத்து வாசிக்க வேண்டும், ஜன்னல் வெயில் பட்டு பித்தளை காலையிலேயே சுடுகிறது. முதல் இரண்டு வரியையும் விட்டுவிட்டு மூன்றாவதில் தொடங்கிவிடலாம் என்று படுத்திருக்கும்போது யோசித்திருந்தேன், பக்கம் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சபை எழுந்து நிற்கிறது. ஷீபா தூண் பக்கம் நிற்கிறாள், தலையைக் குனிந்திருக்கிறாள். வாயைத் திறக்கிறேன், வாய்க்கு யோசனை எதுவும் தெரியாது, பழக்கம்தான் தெரியும், முதல் வரியை அதன் ராகத்தோடு வாசித்து நிறுத்துகிறது. ஜனங்கள் எடுக்கிறார்கள். காத்துக்கொள்ளாதவன் சந்தேகமில்லாமல் என்றென்றைக்கும் கெட்டுப்போவான். எல்லாம் தெரிந்த குரல்கள். ஞானப்பூவுக்கு ஊசி போட வீட்டுக்கு வந்து காசு வாங்காமல் போன நர்ஸ் மேரிஜாய் குரல், அடக்கத்தன்று எங்கள் வீட்டுக்குச் சோறு ஆக்கி அனுப்பின ஐயரம்மாவின் குரல், ஆட்டுக்கறியை நினைத்துக்கொண்டு நிற்கிற கோயில்பிள்ளையின் குரல். ஒருவருக்கும் பகை இல்லை, பஸ் போகிற ஊர்களைக் கண்டக்டர் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார்கள். ஷீபாவின் தலை இன்னும் தாழ்ந்துவிட்டது. நான் வாசித்துக்கொண்டு போகிறேன். பிதா படைக்கப்படாதவர், குமாரன் படைக்கப்படாதவர். ஜனங்கள், ஒருவரே என்கிறார்கள். பிதா அளவில்லாதவர். அவர்கள் ஒருவரே என்கிறார்கள். காது தூண் பக்கமே நிற்கிறது, முந்திக்கொண்டு வருகிற குரலுக்காக, அது வராது என்று அதற்கு எத்தனை தரம் சொல்வது. பிதா தேவன், குமாரன் தேவன், பரிசுத்த ஆவி தேவன் என்று வாசித்து மூச்சு விட வேண்டிய இடத்தில் நான் மூச்சு விடவில்லை. ஆனாலும் மூன்று தேவர்கள் இல்லை, ஒரே தேவன் என்று அவசரமாக வந்துவிட்டது, என் வாயிலிருந்து, அவள் வரி, வீட்டில் தினமும் வாசிக்கிற மாதிரியே. நினைத்துச் செய்ததில்லை. நாக்கு போய்விட்டது. ஒரு கணம் சபை தடுமாறுகிறது, யாரோ தாளைப் புரட்டுகிறார்கள். பிறகு நான் நிறுத்தியிருப்பதைக் கேட்டு, அடுத்தது தங்கள் பங்கு என்று, நல்ல ஜனங்கள், பிதா ஆண்டவர், குமாரன் ஆண்டவர், பரிசுத்த ஆவி ஆண்டவர் என்று எடுத்துவிடுகிறார்கள். இப்போது நான், ஆனாலும் மூன்று ஆண்டவர்கள் இல்லை, ஒரே ஆண்டவர்.

இனி அப்படியே போகும். உபதேசியார் போன வருஷம் போன வழி. அவர்கள் மூன்று என்கிறார்கள், நான் ஒன்று என்கிறேன். நான் அவள் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறேன், பெண்கள் பக்கத்தில், தூண் ஓரமாக. இரண்டு மூன்று வரி கழித்துத்தான் மற்றது புத்தியில் விழுகிறது. கடைசி வரி. இதை உண்மையாய் விசுவாசிக்காத எவனும் இரட்சிக்கப்பட மாட்டான் என்கிற வரி, ஜனங்களுடைய வரி, இன்று என்னிடம் வந்து நிற்கும். பித்தளையில் கை வழுக்குகிறது. இன்னொரு தரம் இரண்டு வரியைச் சேர்த்து வாசித்தால் பழையபடி ஆகிவிடும், அவர்கள் வரி அவர்களுக்குப் போய்விடும், அவர்கள் சொல்லிக்கொள்வார்கள், நான் எப்போதும்போல் கேட்டுக்கொண்டு நிற்கலாம். இடம் வருகிறது. சேர்க்கலாம். சேர்க்கவில்லை. இன்னொரு இடம் வருகிறது. தேவனும் மனிதனுமாயிருந்தும் இருவரல்ல, கிறிஸ்து ஒருவரே. பாடுபட்டார், இறங்கினார், எழுந்தார், ஏறினார், வருவார், எல்லோரும் கணக்குக் கொடுப்பார்கள் என்று அவர்களும் நானும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறோம், தண்டவாளம் முடிகிற இடம் தெரிகிறது. நன்மை செய்தவர்கள் நித்திய ஜீவனுக்குப் போவார்கள் என்கிற வரியை அவர்கள் சொல்லி நிறுத்துகிறார்கள். இனி ஒரு வரிதான். எழுத்து முன்னால் இருக்கிறது, நன்றாகத் தெரிகிறது, கண்ணாடி துடைத்துத்தான் வந்தேன். விசிறி இடறுகிறது. மறுபடி இடறுகிறது. ஐயர் நாற்காலியில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறார். மேரிஜாய் பார்க்கிறாள். நான் அவர்களை நியாயந்தீர்க்கவில்லை, பிரமாணத்தையும் நியாயந்தீர்க்கவில்லை, யாருக்குத் தெரியும், அது உண்மையாகவே இருக்கலாம், அங்கே மூவர் இருந்து, அந்த மூவரையும் சரியாக எண்ணாதவளை வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் அந்த மூவரே சொல்லட்டும். என் வாயால் வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், அந்த வருஷம் அவள் நின்ற மாதிரி.

ஆமென் என்று ஒரு குரல், பெண்கள் பக்கத்தில் இருந்து, கூட்டத்துக்கு ஒரு அடி முன்னால். என் நெஞ்சு ஒரு சுற்று இடறுகிறது. ஷீபா. தலை நிமிர்ந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சபை முழுதும் ஆமென் என்கிறது, எதற்கு என்று கேட்காமல், முடிந்தது என்கிற நிம்மதியோடு. ஐயர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்பார் என்று நிற்கிறேன், கேட்டால் இந்தத் தரம் சொல்லிவிடலாம். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார், பாட்டின் எண்ணைச் சொல்கிறார். புத்தகத்தை மூடிவிட்டு நடந்து வந்து பெஞ்சில் உட்காருகிறேன், எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். கோயில்பிள்ளை குனிகிறார். ஒரு வரிய முழுங்கிட்டிய போல என்கிறார். ஆமாவே. கடைசி வரி. ஆமா. பாட்டு தொடங்கிவிட்டது, அவர் என் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடுகிறார், எச்சில் தொட்டுத் தொட்டுத் தள்ளுகிறார், கண்டுபிடித்து என் மடியில் விரித்து வைக்கிறார். பிறகு பாடாமல், முன்னால் பார்த்தபடியே, மெதுவாகச் சொல்கிறார், மைனியும் அந்த வரியச் சொல்ல மாட்டாங்கள்லா.